செத்தவனுக்குக் கால்ஷீட் கிடையாது

திருவண்ணாமலையில் வந்து குடியேறுகிறவர்கள் யாரைக் கேட்டாலும் மலை கூப்பிட்டது என்பார்கள். காவி பைஜாமா போட்ட வெள்ளைக்காரரும் அதைத்தான் சொல்வார், ரிட்டையரான பேங்க் மேனேஜரும் அதைத்தான் சொல்வார். முருகவேல் வேங்கிக்காலில் வீடு கட்டிக்கொண்டு வந்தபோது உள்ளூர் நிருபரிடம் அதையே சொன்னார். இத்தனைக்கும் அவர் பிறந்ததே மலைக்குப் பின்பக்கம், அடி அண்ணாமலையில். பக்கத்து ஊர்க்காரனைக் கூப்பிட மலைக்கு முப்பது வருஷம் தொண்டை கிழிந்திருக்க வேண்டும். சேனலில் புதிதாக வந்த பையன்கள் போனை எடுப்பதை நிறுத்தியதையும், வடபழனி வீட்டுக்காரர் காலி செய்யச் சொன்னதையும், மனைவி ஆர்த்தி மகளைப் பார்க்க பெங்களூருக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டதையும் அவர் நிருபரிடம் சொல்லவில்லை. ஆளுக்கு ஒரு விதமாகக் கூப்பிடுகிறது மலை.

வீடு கலெக்டர் ஆபீசுக்குப் பின்னால் புது மனைப்பிரிவில் இருந்தது. ‘மலை தெரியும் மனை’ என்று விளம்பரம் செய்து விற்றார்கள். தெரியத்தான் செய்தது. அடுத்த மனைக்காரர் மாடி எடுத்து, அதன்மேல் கறுப்புத் தண்ணீர்த் தொட்டியைச் சரியாக உச்சியை மறைக்கிற இடத்தில் வைக்கிற வரைக்கும் தெரிந்தது. இப்போது மொட்டைமாடியில் நின்று கும்பிட்டால் தொட்டியைத்தான் கும்பிட வேண்டும். சில நாள் அதையும் செய்தார். பழக்கதோஷம்.

முருகவேல் சாதாரண ஆள் இல்லை. ‘கறை படிந்த கதவு’ என்ற தொடரை எழுதித் தயாரித்தவர். பத்து வருஷத்துக்கு மேலாக வாரத்தில் ஐந்து நாள், தமிழ்நாட்டில் பாதி வீடுகளில் ராத்திரிச் சாப்பாடு அவர் செய்த கொலைகளோடுதான் இறங்கியது. வெள்ளிக்கிழமைகளில் தொடர் முடிந்ததும் அவரே திரையில் தோன்றுவார். சித்திரை வெயிலிலும் கறுப்புக் கோட்டு, கையில் ஒரு பூதக்கண்ணாடி. அதன் வழியாகப் பார்வையாளர்களை உற்றுப் பார்த்துவிட்டு, “குற்றவாளி வெளியே இல்லை. உங்கள் வீட்டிலேயே இருக்கலாம்” என்று சொல்லி மறைவார். ஏதோ ஒரு சங்கம் அவருக்குக் ‘குற்றவியல் திலகம்’ என்று பட்டம் கொடுத்தது. கேடயங்களும் சந்தன மாலைகளும் இப்போது வேங்கிக்கால் வீட்டு அலமாரியில் இருந்தன. தூசு தட்ட ஆள் வைத்திருந்தார். அவளும் தட்டுவதில்லை.

அந்த வீட்டு ஹாலில் மாட்டியிருந்தது ஒரே ஒரு படம். அவருடைய அண்ணன் சடையன் படம். அதன் நெற்றியில் சந்தனப் பொட்டு, அதற்குள் ஒரு குங்குமப் பொட்டு. இத்தனைக்கும் சடையன் உயிரோடு, அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையோரம் டீக்கடையில் போண்டா போட்டுக்கொண்டிருந்தார்.

அது நடந்த விதம் இதுதான். தொடரின் முதல்நாள் படப்பிடிப்பு. கதாநாயகி செத்துப்போன புருஷன் படத்துக்கு முன்னால் நின்று அழ வேண்டும். கண்ணில் கிளிசரின் போட்டாயிற்று, லைட்டெல்லாம் எரிகிறது, டைரக்டர் கத்துகிறார். புருஷன் படத்தைக் கொண்டுவர ஆர்ட் டிபார்ட்மெண்ட் மறந்துவிட்டது. முருகவேலின் கார் பின்சீட்டில் அன்று காலையில்தான் பிரேம் போட்டு வாங்கிய அண்ணன் படம் இருந்தது. தேரடி வீதி ஸ்டுடியோவில், வெள்ளைச் சட்டையோடு, தலைமுடியை நனைத்துச் சீவி எடுத்த படம். தன் வீட்டு ஹாலில் மாட்டவென்று ஆசையாகக் கேட்டு வாங்கியிருந்தார். “ஒரே ஒரு சீன்தானே, இதை மாட்டுங்கப்பா” என்றார். பிளாஸ்டிக் மாலை வந்தது, சின்ன பல்பு வந்தது. பொட்டு மட்டும் கண்ணாடிமேல் பெயின்டில் வைத்தார்கள். சந்தனத்தில் வைத்தால் லைட்டுச் சூட்டில் உதிர்ந்துவிடும், மறுபடி வைக்கும்போது இடம் மாறிவிடும், கண்டினியுட்டி போய்விடும்.

கண்டினியுட்டி என்பதுதான் எல்லாவற்றுக்கும் காரணம். தொடரில் ஒருமுறை சுவரில் ஏறிய படம் இறங்கக் கூடாது. கதாநாயகி சோபாவில் உட்கார்ந்தால் தலைக்குமேல் சடையன், போலீஸ் வந்து விசாரித்தால் பின்னால் சடையன். தினமும் மாலையோடு, தினமும் பொட்டோடு. தொடரில் அவர் பெயர் குணாளன், பெரிய தொழிலதிபர், உத்தமர்.

முதல் வாரம் அடி அண்ணாமலையிலிருந்து போன் வந்தது.

“டேய் முருகா, நான் செத்துட்டனாடா?”

“ஒரு சீன்தாண்ணே. நல்ல மனுஷன் வேஷம்.”

“உங்க அண்ணி தாலியைக் கையில புடிச்சிக்கினு கோயிலுக்கு ஓடினா.”

“டிவியில வர்றதுண்ணே. எத்தினி பேருக்குக் கிடைக்கும்?”

சடையன் சிரித்தார். அதோடு முடிந்திருந்தால் நல்லது. ஆனால் தொடரைப் பார்க்கிற கூட்டம் குறைந்தது. கூட்டம் குறைந்தால் புதிதாக ஒரு குற்றம் வேண்டும், குற்றத்துக்கு ஒரு குற்றவாளி வேண்டும். எந்த நடிகர்மேல் பழி போட்டாலும் அவர் சம்பளத்தை ஏற்றச் சொல்வார், இல்லாவிட்டால் சினிமா சான்ஸ் என்று ஓடுவார். சுவரில் தொங்குகிறவர் கேட்க மாட்டார். செத்தவனுக்குக் கால்ஷீட் கிடையாது, சாப்பாடு கிடையாது, கார் அனுப்ப வேண்டியதில்லை. முருகவேல் குணாளனுக்கு ஓர் இரண்டாவது குடும்பத்தைக் கொடுத்தார். கூட்டம் ஏறியது. மறுபடி இறங்கியதும் கிட்னி வியாபாரம் கொடுத்தார். அடுத்து மாமனாருக்கு விஷம் வைத்தது. கடைசியாக, சாமி சிலைக் கடத்தல். எல்லாமே உயிரோடு இருந்தபோது செய்ததாக.

கோயில் ஊரில் எதை வேண்டுமானாலும் மன்னிப்பார்கள், சிலைத் திருட்டை மன்னிக்க மாட்டார்கள். பௌர்ணமிக்கு மலை சுற்ற வந்த கூட்டம் டீ குடிக்க நின்று சடையன் முகத்தைப் பார்த்தது. முதலில் “உங்களை எங்கியோ பாத்திருக்கேனே” என்றார்கள். அப்புறம் மற்றவர்களையும் கூட்டிக்கொண்டு வந்து காட்டினார்கள். ஒரு கிழவி பக்கத்தில் நின்றவளிடம், “ரெண்டு பொண்டாட்டிக்காரன் போடற டீயா? சிலை திருடின கையி” என்று சொல்லிவிட்டு கிளாசைக் கீழே வைத்துவிட்டுப் போனாள். விளையாட்டுக்குச் சொன்னவர்களும் இருந்தார்கள். சடையனுக்கு விளையாட்டு எது, நிஜம் எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. அவர் கத்தவில்லை, சண்டைக்கு வரவில்லை. தம்பியின் போனை எடுப்பதை நிறுத்தினார். அப்பா திவசத்தைத் தனியாகக் கொடுத்தார். அவ்வளவுதான்.

வேங்கிக்காலுக்கு வந்த புதிதில் முருகவேல் ஒருநாள் கடைக்குப் போய் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தார். சடையன் எல்லாருக்கும் டீ ஆற்றிக் கொடுத்தார். ஓடைத் தண்ணீர் பாறையைச் சுற்றிக்கொண்டு போவதுபோல் தம்பியை விட்டுவிட்டு அடுத்தவரிடம் போனார். வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு முருகவேல் எழுந்துவந்தார். அதற்கப்புறம் எதிர்ச்சாரிப் புளியமரத்தடியில் நின்று பார்ப்பதோடு சரி.

ஒரே ஒரு சத்தம் மட்டும் மிச்சம் இருந்தது. அண்ணன் மகள் யமுனா கலெக்டர் ஆபீசில் தற்காலிகக் கம்ப்யூட்டர் வேலையில் இருந்தாள். சாயங்காலம் ஸ்கூட்டியில் அந்தத் தெரு வழியாகப் போவாள். நிற்க மாட்டாள், திரும்பிப் பார்க்க மாட்டாள். வீட்டு முன்னால் ஒரே ஒரு தடவை ஹார்ன் அடிப்பாள். அந்த நேரத்தில் முருகவேல் டிவியின் சத்தத்தைக் குறைத்து வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார். தொலைபேசி, வாசல்மணி, ஆள்குரல் எதுவும் கேட்காத நாளில் அதுதான் அவருக்கு வந்த பேச்சு.

சித்திரையில் ஒருநாள் மத்தியானம் வாசல் மணி அடித்தது. மலைப்பாறை காலையெல்லாம் குடித்த வெயிலை ஊர்மேல் திருப்பிக் கொட்டிக்கொண்டிருந்த நேரம். முருகவேல் கதவில் வைத்திருந்த கண்ணாடி ஓட்டை வழியாகப் பார்த்தார். குற்றவியல் திலகங்கள் சட்டென்று கதவைத் திறப்பதில்லை.

“தொற. நான்தான். செத்தவன் பொண்டாட்டி.”

அண்ணி சரசு. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தவள் சுவரைப் பார்த்து நின்றுவிட்டாள்.

“இத்த இன்னுமா வெச்சிக்கினு கீறே?”

“செட்டைப் பிரிச்சப்ப குப்பையில போட்டாங்க அண்ணி. எடுத்துக்கினு வந்தேன்.”

“மாலை?”

“கழட்டிட்டேன்.”

“பொட்டு?”

“போவலை. பெயின்டு.”

சரசு நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு படத்துக்கு முதுகுகாட்டி உட்கார்ந்தாள். தண்ணீர் கொடுத்தார். குடித்தாள். மேசைமேல் ஓட்டல் பார்சலும், பாதி பிரித்த தயிர் பாக்கெட்டும் கிடந்ததைப் பார்த்தாள்.

“யமுனாவைப் பாக்க வந்தாங்க. கலசப்பாக்கம். மாவு மில் வெச்சிருக்கறவங்க. புள்ளை பேரு கார்த்திக்கு, செய்யாறு பக்கம் செருப்புக் கம்பெனியில சூப்பர்வைசரு. நல்ல புள்ளை. யமுனாவுக்கும் புடிச்சிருக்குது. இவளே வாயைத் தொறந்து புடிச்சிருக்குதுனு சொன்னது இதான் மொத தபா.”

“நல்ல சேதிதானே அண்ணி.”

“இரு. அந்தப் புள்ளையோட அம்மா, தமிழ்செல்வினு பேரு. காபி டம்ளரை வாய்கிட்ட கொண்டுபோனவ உங்க அண்ணன் மூஞ்சியைப் பாத்தா. அப்பிடியே நின்னுது டம்ளரு. ‘உங்களுக்கு மெட்ராசுல யாருனா இருக்காங்களா?’ன்னு கேட்டா. ‘இல்லியே’ன்னாரு. ‘வேற குடும்பம் கிடும்பம்?’ன்னா. பொண்ணு பாக்க வந்த எடத்துல எவளாவது இப்பிடிக் கேப்பாளா? எனக்கு அப்பவே தெரிஞ்சிபோச்சி.”

“தொடரைப் பார்த்திருக்காங்க.”

“பார்த்திருக்காங்களாம். மறுநாளே புரோக்கர் போன் பண்ணான். அந்தம்மாவுக்கு மனசு ஒப்பலையாம். கண்ணை மூடினா அந்த மூஞ்சி வருதாம். அந்த மூஞ்சியை சம்பந்தினு கூப்புட வாய் வராதாம்.”

“அது கதை அண்ணி. படிச்ச குடும்பமா இருந்தா…”

“படிச்சவதான். படிச்சவளும்தான் பாத்தா. நீ எழுதினதை மெய்னு நம்பலே அவ. ஆனா மனசு ஒப்பலே. இதுக்கு இன்னா பண்ணுவே? இதோட மூணாவது எடம். போன ரெண்டும் காரணம் சொல்லாமயே போச்சி, இப்பதான் காரணம் தெரியுது. அவளுக்கு இருவத்தொம்பது ஆவுது, முருகா.”

சரசு அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. முருகவேல் தலையைக் குனிந்துகொண்டார்.

“நான் என்ன பண்ணணும் அண்ணி?”

“மாத்து.”

“எதை?”

“கதையை. நீதானே எழுதினே? அந்தாளு திருடலே, ரெண்டாங்குடும்பம் இல்லே, ஒண்ணும் பண்ணலேனு மாத்து.”

“தொடர் முடிஞ்சு அஞ்சாறு வருஷம் ஆச்சு. சேனல்ல இப்ப என்னை யாருக்கும் தெரியாது.”

“ஊருக்கெல்லாம் மாத்த வாணாம். அந்த ஒருத்திக்கு மாத்திச் சொல்லு. கலசப்பாக்கம் போ. ஒக்காந்து சொல்லு.” எழுந்தாள். “அவருக்கு நான் இங்க வந்தது தெரியாது. தெரிஞ்சா மூஞ்சில முழிக்க மாட்டாரு.” வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே திரும்பினாள். “தயிரை ஃபிரிஜ்ல வை. புளிச்சிப்பூடும்.”

முருகவேல் அன்று முழுக்க எழுதினார். பல வருஷங்களுக்குப் பிறகு உட்கார்ந்து எழுதினார். மறுநாள் பட்டு ஜிப்பாவைப் போட்டுக்கொண்டார். அடையாளத்துக்கு இருக்கட்டும் என்று ‘குற்றவியல் திலகம்’ கேடயத்தை ஒரு துணிக்கடைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டார். போளூர் பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கவில்லை. கலசப்பாக்கம் வரைக்கும் கேடயம் பக்கத்தில் நின்ற ஆளின் முழங்காலை இடித்துக்கொண்டே வந்தது.

தமிழ்செல்வி அவரைப் பார்த்ததும் வாசலிலேயே வாயைப் பொத்திக்கொண்டாள்.

“பூதக்கண்ணாடி சார்!”

உள்ளே ஓடி சோபாவிலிருந்த துணிகளை அள்ளினாள். பின்பக்கம் மில்லுக்குக் குரல் கொடுத்தாள். தலையிலிருந்து கால்வரை மாவாக ஒரு மனிதர் எட்டிப் பார்த்து, கையெடுத்துக் கும்பிட்டார். “கரண்டு இருக்கறப்பவே அரைச்சிடணும் சார்” என்று சொல்லிவிட்டு மறைந்தார். பெல்ட் ஓடுகிற சத்தம் மறுபடி ஆரம்பித்தது. அவர் அந்த வீட்டில் பேசியது அவ்வளவுதான். எப்போதுமே அவ்வளவுதான் போலிருந்தது.

முருகவேல் தான் யாருக்குத் தம்பி என்பதைச் சொன்னார். தமிழ்செல்வியின் முகம் மாறியது.

“அதானே பார்த்தேன். அப்போ நான் நெனைச்சது கரெக்ட். அது அவருதான்.”

“அவர் இல்லேம்மா. அவரோட போட்டோ. குணாளன் தப்பே செய்யாதவர்ங்கறதைத்தான் நான் சொல்ல வந்தேன். கடைசிப் பகுதியில அது வர்றதா இருந்தது, சேனல் சீக்கிரம் முடிக்கச் சொல்லிட்டதால வரலை.” தொண்டையைச் செருமிக்கொண்டார். கோட்டும் பூதக்கண்ணாடியும் இல்லாத குறை அவருக்கே தெரிந்தது. “குணாளனுக்கு ஓர் இரட்டைச் சகோதரன் உண்டு.”

தமிழ்செல்வி யோசித்தாள்.

“இருக்க முடியாதே சார். அவரோட அம்மா பிரசவத்துலதானே கதையே ஆரம்பிக்குது? ஒத்தைக் கொழந்தைனு நர்ஸ் சொல்லுவாளே. அந்த நர்ஸைக்கூட நீங்க அப்புறம் கெணத்துல தள்ளிட்டீங்க.”

முருகவேலுக்கு நர்ஸே ஞாபகம் இல்லை.

“சரி, அது வேற மாதிரி. சிலையைக் கடத்தினது மேனேஜர்.”

“மேனேஜரை லாரியில அடிச்சிக் கொன்னீங்களே. சிலை காணாமப்போனது அதுக்கு அப்புறம்தானே?”

“செத்த மாதிரி நடிச்சார்.”

“போஸ்ட்மார்ட்டம் பண்ணாங்களே சார்!”

முருகவேல் ஜிப்பா கையை மடித்துவிட்டுக்கொண்டார். குற்றத்தைக் குணாளன் மனைவிமேல் போட்டுப் பார்த்தார். தமிழ்செல்விக்குக் கோபமே வந்துவிட்டது. “அவ பாவம் சார். வருஷக்கணக்கா அழுதுக்கினே இருந்தா. அவமேலயா போடுவீங்க?” மாமனார்மேல் போட்டார். அவர் விஷம் குடித்துச் செத்தவர். ஒவ்வொரு கதவாகத் தட்டினார். ஒவ்வொன்றையும் ஒரு காலத்தில் அவரேதான் உள்பக்கம் தாழ் போட்டிருந்தார். அவர் எழுதியதில் அவருக்கே தெரியாத அத்தனையும் இந்த அம்மாளுக்குத் தெரிந்திருந்தது. கடைசியில் பழி போட வேறு ஒருவரும் மிஞ்சவில்லை, குற்றவாளி என்று சுவரில் தொங்கியவர் மட்டும் மிஞ்சினார்.

“அப்ப மெய்யாலுமே யாரு சார் பண்ணது?”

முருகவேல் எழுதிக்கொண்டு வந்த தாள்களை மடித்துப் பையில், கேடயத்துக்குப் பின்னால் செருகினார்.

“யாரும் பண்ணலேம்மா. எங்களுக்கே தெரியாது. வாரா வாரம் கூட்டம் குறைஞ்சா ஒரு தப்பு வேணும். உயிரோட இருக்கற நடிகர்மேல போட்டா சம்பளம் ஏத்திக் கேப்பாங்க. செத்தவனுக்குச் சம்பளம் கிடையாது. அதனால எல்லாத்தையும் போட்டோமேல போட்டேன். அந்தப் போட்டோவுல இருக்கறவரு எங்க அண்ணன். டீக்கடை வெச்சிருக்காரு. ஒரு பொண்டாட்டி, ஒரு பொண்ணு. அவரு வாழ்க்கையில திருடினது, சின்ன வயசுல எனக்காக ஒரு மாங்கா. அதுவும் எங்க பெரியப்பா தோப்புல.”

பின்பக்கம் மில் ஓடிக்கொண்டிருந்தது. தமிழ்செல்வி எழுந்து போய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தாள். சத்தம் கொஞ்சம் கம்மியாயிற்று.

“இவரு காலையில அந்த மில்லுக்குள்ள போனா, தூங்கத்தான் வருவாரு. புள்ளை ஹாஸ்டல்ல இருந்தான், அப்புறம் செய்யாறுல ரூம் எடுத்துக்கினான். எனக்குப் பேச்சுத்தொணை உங்க ‘கறை படிந்த கதவு’தான் சார். அந்த வீட்டு ஆளுங்க பேசிக்கினு இருப்பாங்க, நான் அவங்களோட பேசிக்கினு இருப்பேன். அவளுக்கு யோசனை சொல்லுவேன். அவனைத் திட்டுவேன். அந்தப் போட்டோவைப் பாக்கறப்பல்லாம், ‘நாசமாப் போக, உன் குடும்பம் விளங்காமப் போக, உன் வீட்டுல நல்லது நடக்காமப் போக’ன்னு தினம் வாய்விட்டு சாபம் கொடுப்பேன் சார். சோத்துத் தட்டைக் கையில வெச்சிக்கினு கொடுத்த சாபம். அன்னிக்குப் பொண்ணு பாக்கப் போன எடத்துல அந்த மூஞ்சி உயிரோட எதுத்தாப்புல ஒக்காந்து, ‘காபி நல்லா கீதாம்மா?’ன்னு கேக்குது. எனக்கு எப்பிடி இருக்கும்?”

“புரியுதும்மா.”

“உங்களுக்குப் புரியாது. அவரு கெட்டவருனு நான் பயப்படலே. அவ்ளோ மக்கு இல்லே நானு. நான் குடுத்த சாபமெல்லாம் எங்க போச்சினுதான் பயந்தேன். அந்தப் பொண்ணுக்கு இத்தினி வருசம் கல்யாணம் தள்ளிப்போச்சினு புரோக்கர் சொன்னாரு. சொன்னதும் எனக்கு என் வாய்தான் ஞாபகம் வந்துது.” முந்தானையை எடுத்து மூக்கைத் துடைத்தாள். “மாங்காத் திருடனுக்கா சார் நான் அத்தினி சாபம் வுட்டேன்?”

வசனம் எழுதிச் சம்பாதித்த முருகவேல் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் எழுதியதிலேயே நல்ல இடம் அதுதான்.

“சரி. வுட்ட வாய்தான் திருப்பி எடுக்கணும். அந்தப் பொண்ணை நான் எடுத்துக்கறேன். அப்பதான் எனக்குத் தூக்கம் வரும். அவங்களுக்கு போன் பண்ணிச் சொல்றேன்.” கண்ணைத் துடைத்துக்கொண்டதும் அவளுக்குள் மில்காரர் வீட்டு எஜமானி திரும்பிவந்துவிட்டாள். “ஆனா ஒண்ணு சார். தப்பா நெனைக்காதீங்க.”

“சொல்லுங்கம்மா.”

“நீங்க கல்யாணத்துக்கு வரக் கூடாது. பொண்ணோட அப்பா மட்டும் நின்னா எங்கியோ பாத்த மூஞ்சினு போயிடுவாங்க. பக்கத்துல பூதக்கண்ணாடியோட நீங்களும் நின்னீங்கன்னா எங்க சனம் மொத்தமும் கதவைப் பத்தித்தான் பேசும். மேடையில மாப்பிள்ளை பொண்ணை எவளும் பாக்க மாட்டா. எனக்கு ஒரே புள்ளை சார்.”

“இப்பல்லாம் நான் பூதக்கண்ணாடி வெச்சிக்கறதில்லேம்மா.”

“இருந்தாலும்.”

முருகவேல் தலையாட்டினார். தயாரிப்பாளராக அவருக்கே அதில் நியாயம் தெரிந்தது. படத்தை இறக்க வேண்டுமானால் கதையை எழுதினவனும் செட்டை விட்டு இறங்கித்தான் ஆக வேண்டும்.

ஆவணியில் முகூர்த்தம் வைத்தார்கள். ஒரு சாயங்காலம் ஹார்ன் சத்தம் கேட்டது, அதற்குப் பிறகு வண்டி போகிற சத்தம் கேட்கவில்லை. முருகவேல் வெளியே வந்தார். யமுனா ஸ்கூட்டியை விட்டு இறங்காமல், ஒரு காலைத் தரையில் ஊன்றி நின்றுகொண்டிருந்தாள். பத்திரிகையை நீட்டினாள்.

“சித்தப்பா, உங்க பேரு போட்டிருக்கு. அம்மாதான் சண்டை போட்டுப் போட வெச்சாங்க. அப்பா வேணாம்னும் சொல்லலை, போடுன்னும் சொல்லலை. ஆனா கலசப்பாக்கத்து அத்தை…”

“தெரியும்மா. ஒண்ணும் நெனைச்சிக்காதே. எழுதறவனுக்கு அதான் வழக்கம். பேரு வரும், ஆளு வர மாட்டான்.”

அவளுக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. “வெள்ளிக்கிழமை நைட்டு கோட்டு போட்டுக்கினு வருவீங்களே சித்தப்பா. சின்ன வயசுல நானும் பக்கத்து வீட்டுப் புள்ளைங்களும் கட்டில் அடியில ஒளிஞ்சிக்குவோம்” என்றாள். பிறகு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனாள். அந்தத் தெருவில் அவள் ஹார்ன் அடித்த கடைசி நாள் அதுதான். கல்யாணத்துக்குப் பிறகு கலசப்பாக்கத்திலிருந்து பஸ்ஸில் வர ஆரம்பித்தாள். கலெக்டர் ஆபீஸ் வாசலிலேயே பஸ் நிற்கும்.

கல்யாணத்தன்று குற்றவாளி வீட்டிலேயேதான் இருந்தார். காலையில் தலைக்கு ஊற்றிக்கொண்டு பட்டு ஜிப்பாவை எடுத்துப் போட்டுக்கொண்டார். முகூர்த்த நேரத்தில் போளூர் சாலைப் பக்கம் மேளச் சத்தம் கேட்கிறதா என்று மொட்டைமாடிக்குப் போய் நின்றார். கேட்கவில்லை. மண்டபம் வெகுதூரம். தண்ணீர்த் தொட்டியில் ஒரு காக்கை உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. கீழே இறங்கிவந்து ஓட்டல் சாம்பார் சாதத்தைப் பிரித்தார். சுவரிலிருந்து அண்ணன் பார்த்துக்கொண்டிருந்தார். “ஒம் பொண்ணுக்குக் கல்யாணம் ஆவுதுண்ணே” என்றார் முருகவேல். தொடரில் இந்த மாதிரிச் சமயத்தில் படம் ஆடும், விளக்கு அணையும். இங்கே மேலே மின்விசிறிதான் சுற்றிக்கொண்டிருந்தது.

புரட்டாசி பிறந்து நல்ல மழை. மலையில் ஓடைகள் இறங்கி, பாறையெல்லாம் கறுத்துக் கிடந்தது. மழை விட்ட ஒரு மத்தியானம் வாசல் மணி அடித்தது. முருகவேல் ஓட்டை வழியாகப் பார்த்தார். ஹாலில் மாட்டியிருந்த முகம் நரைத்து, தோளில் துண்டோடு, கையில் ஒரு சின்ன பாட்டிலோடு நின்றது.

கதவைத் திறந்தார். சடையன் அவரைப் பார்க்கவில்லை. நேரே சுவருக்குப் போனார். துண்டை எடுத்துப் பாட்டிலிலிருந்து நனைத்தார். மண்ணெண்ணெய் வாடை ஹால் முழுக்க அடித்தது. ஒரு கையால் பிரேமைப் பிடித்துக்கொண்டு, கண்ணாடிமேல் தன் நெற்றியை அழுத்தித் தேய்த்தார். வெகுநேரம் தேய்த்தார். முதலில் குங்குமம் கரைந்து மூக்குமேல் வழிந்தது, பிறகு சந்தன நிறமும் போயிற்று. துண்டைத் திருப்பிச் சுத்தமான பக்கத்தால் மூக்கைத் துடைத்துவிட்டார். பின்னால் நகர்ந்து நின்று பார்த்தார்.

“கல்யாணம் முடிஞ்சி உங்க அண்ணி எல்லாத்தையும் சொன்னா. பொட்டு போவலேனும் சொன்னா” என்றார் படத்திடம்.

“ஆமாண்ணே.”

“மண்ணெண்ணெய் போட்டா எந்தப் பெயின்டும் போவும். இதுகூடத் தெரியாதா?”

மண்ணெண்ணெய் முருகவேலுக்குத் தெரியாததல்ல. பொட்டைத் தான் அழிக்கலாமா என்பதுதான் தெரியாமல் இருந்தது. ஓடிப்போய் அடுப்பைப் பற்றவைத்தார். டீ போட்டு எடுத்துவந்தார். சடையன் நின்றபடியே ஒரு வாய் குடித்தார். முகத்தைச் சுளித்து, டம்ளரை ஜன்னலுக்கு வெளியே கவிழ்த்தார்.

“இன்னாடா இது, கழனித்தண்ணி? இத்தயா தெனம் குடிக்கறே?”

“ஆமாண்ணே.”

“கொலை பண்ணத்தான் தெரியும் உனக்கு.”

ஆணியிலிருந்து படத்தை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டார். “இத்த நான் எடுத்துக்கினு போறேன். உயிரோட கீறவனுக்குச் செவுத்துல இன்னா வேலை?” வாசலுக்கு நடந்தார். சுவரில் படம் இருந்த இடம் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது. செருப்பைத் தேடிக் காலால் துழாவிக்கொண்டே, முதல்முறையாகத் தம்பி முகத்தைப் பார்த்தார். ரொம்பநேரம் பார்க்கவில்லை.

“கடைக்கு வந்து குடி. பௌர்ணமி அன்னிக்கு மட்டும் வராதே. சனம் ஜாஸ்தியா இருக்கும், ரெண்டு பேரையும் சேத்துப் பாத்துடும்.”

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. சேற்றில் பார்த்துப் பார்த்துக் கால்வைத்துத் தெருமுனை திரும்பினார். படத்தின் கண்ணாடியில் ஒருதரம் வெயில் பட்டு மின்னியது.

முருகவேல் கதவைச் சாத்தவில்லை. அடுப்படியில் மளிகைக் கடைக்காரர் கொடுத்த தினசரிக் காலண்டர் தொங்கியது. அதில் பௌர்ணமித் தேதிக்கு வெள்ளை வட்டம் போட்டிருப்பார்கள். அவர் ஒவ்வொரு தாளாகப் புரட்டிப் பார்த்தார். மாதத்துக்கு ஒரு வட்டம்தான் இருந்தது.